இந்தக் குளிர்காலத்தில் கார் கிளம்பக் கூடாது

கிரானைட் லேக், மினசோட்டா
அக்டோபர் 17, 1982

டாய்ஸ்டோ,

உன் விலாசத்தை லோய்ஸிடம் வாங்கினேன். பக்கத்து வீட்டுக் கிழவனுக்குத் தபால் அட்டை போட உனக்கு நேரம் இருக்கிறது, சொந்த அண்ணன் வீட்டுக்குப் போட இல்லை. போகட்டும். சண்டை போட இதை எழுதவில்லை.

கார் விஷயமாக எழுதுகிறேன். இலையெல்லாம் கொட்டி முடிந்துவிட்டது. காலையில் ஏரி ஓரமாகத் தண்ணீர் கண்ணாடி போல உறைந்து கிடக்கிறது. வருஷா வருஷம் மான் வேட்டை தொடங்கும் முன்னால் நீங்கள் இரண்டு பேரும் காரைக் கேரேஜுக்குள் விட்டு மூடிவிடுவீர்கள். நான் காப்பி போட்டுக் கொடுத்ததோடு சரி, என்ன செய்தீர்கள் என்று கவனித்ததே இல்லை. இந்த வருஷம் அது இன்னும் முற்றத்திலேயே நிற்கிறது. துணிக் கூரை மடக்கியபடி இருக்கிறது, சீட்டெல்லாம் சருகு.

"ஆர்விட், காரை உள்ள விடணும்ல?" என்று கேட்டேன்.

"விடலாம்" என்றான். அதைச் சொல்லிப் பல நாள் ஆகிறது.

சுரங்கத்தை மூடியதிலிருந்து உன் அண்ணன் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை. டிவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். சங்கக் கட்டடத்து வாசலில் ஊரே பார்க்க அவன் உன்னை ஓடுகாலி என்றதும், நீ கார் சாவியை அவன் முகத்தில் விட்டெறிந்ததும் எனக்கு மறக்கவில்லை. அவன் புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு இருக்கிறது. ஆனால் அந்தக் காரைத் துருப்பிடித்த தகரமாக வாங்கி, நாலு கோடைகாலம் உட்கார்ந்து உயிர் கொடுத்தது நீங்கள் இரண்டு பேரும்தான். வேறு யாரிடம் கேட்பேன்?

ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாக எழுது. நானும் லோய்ஸும் செய்துகொள்கிறோம். இன்னொன்று. உள்ளே விட்ட பிறகு வசந்தம் வரும்வரை அது கிளம்பக் கூடாது. யார் நினைத்தாலும் கிளம்பக் கூடாது. அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதையும் எழுது.

நான் எழுதியது அவனுக்குத் தெரியாது. பதிலை நான் சமைக்கிற பள்ளிக்கூடத்து விலாசத்துக்கே போடு.

மில்லி

•

ஹூஸ்டன், டெக்சஸ்
அக்டோபர் 24

மில்லி அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்து, பிரிக்காமலே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிரித்தால் கார்! துரைக்குக் கை விழுந்துவிட்டதா? ஊரை விட்டுப் போகிறவன் கோழை என்று பிரசங்கம் செய்தவன், சொந்த வீட்டு முற்றத்தைக்கூடத் தாண்ட மாட்டானாமா?

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். அவனுக்காக இல்லை.

முதலில் சருகையெல்லாம் கூட்டி, சீட்டைத் துடைத்துக் காய வையுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கட்டும். காலி டேங்கில் உள்ளே வேர்த்துத் துரு ஏறும். ரேடியேட்டரில் உறையாத திரவம் இருக்கிறதா என்று லோய்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். எலி வராமல் இருக்க உள்ளே சோப்புத் துண்டுகள் போடுங்கள். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு.

கூரை முக்கியம். ஏற்றி மூடித்தான் உள்ளே விட வேண்டும். மடக்கி வைத்தால் குளிரில் துணி மடிப்பு மடிப்பாக வெடிக்கும், பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் ஜன்னல் நொறுங்கும். ஆனால் கூரையை ஏற்றிவிட்டால் அந்தக் கேரேஜுக்குள் யாராலும் காரிலிருந்து இறங்க முடியாது. எங்கள் அப்பா தன்னுடைய பொடிக் காருக்குக் கட்டிய கொட்டடி அது. கார்க் கதவு ஒரு கை அகலம்தான் திறக்கும். அதனால் இன்ஜினை வெளியிலேயே நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய், அப்புறம் பின்னாலிருந்து நேராகத் தள்ள வேண்டும். வலது சுவரில் பழைய மெத்தையை ஆணி அடித்து வைத்திருக்கிறோம். அதில் உரசினால் பரவாயில்லை.

பாட்டரியைக் கழற்றி நிலவறையில் ஒரு பலகை மேல் வையுங்கள். பாட்டரி இல்லாமல் கார் கிளம்பாது.

இங்கே அக்டோபரிலும் வேர்த்துக் கொட்டுகிறது. ஒரே அறையில் நாலு பேர் படுத்திருக்கிறோம், நாலு பேரும் நம் பக்கத்து ஆட்கள். ராத்திரியில் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

"யார் நினைத்தாலும்" என்று எழுதியிருக்கிறீர்களே, யார் அது? அந்த வீட்டில் காரோட்டத் தெரிந்தவன் ஒருத்தன்தானே?

டாய்ஸ்டோ

•

கிரானைட் லேக்
நவம்பர் 3

டாய்ஸ்டோ,

நீ சொன்னபடியே செய்தோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்கிற மாதிரி ஒன்று நடந்து வெகுநாள் ஆகிறது.

நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து தள்ளிய லோய்ஸ், "இடது! இடது! ஐயோ, உன் இடது இல்ல, காரோட இடது!" என்று கத்தினார்.

"காருக்கு எது இடதுன்னு நீயே அதுகிட்ட கேளு!"

"நாப்பது வருஷம் பொண்டாட்டி இல்லாம நிம்மதியா இருந்தேன், கடைசியில உன்கிட்ட வந்து மாட்டினேன் பாரு!"

மெத்தையில் உரசிக்கொண்டு கார் உள்ளே போய் நின்றது. இரண்டு பேரும் பனிச்சேற்றில் உட்கார்ந்து சிரித்தோம். திரும்பிப் பார்த்தால் சமையலறை ஜன்னலில் ஆர்விட் நின்றான். அவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தெருவில் யாரோ எதையோ தள்ளிக்கொண்டு போவதைப் பார்ப்பது போல நின்றுகொண்டிருந்தான்.

பாட்டரியை உருளைக்கிழங்குக் கூடைக்குப் பின்னால் வைத்தேன். அடுத்த சனிக்கிழமை கிழங்கு எடுக்கப் போனேன். பாட்டரி இல்லை.

கேரேஜுக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. திறந்தால், கார் உள்ளேயே இருந்தது, ஆனால் கூரை மடங்கிக் கிடந்தது. அவன் தனியாகவே காரை வெளியே உருட்டி, கூரையை இறக்கி, மறுபடி உள்ளே தள்ளி, டிக்கி மேல் ஏறிச் சீட்டில் இறங்கியிருக்கிறான். இருட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இன்ஜின் ஓடவில்லை. கடவுளே, இன்ஜின் ஓடவில்லை.

"என்ன பண்ற ஆர்விட்?"

"சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"குளிருது. உள்ள வா."

"இங்க சத்தமே இல்ல மில்லி. நல்லா இருக்கு."

யார் நினைத்தாலும் என்று ஏன் எழுதினேன் என்று கேட்டாயே. உன்னோடு ஒரே ஷிப்டில் இருந்த ஸ்டான்கோ பெர்கோ செப்டம்பரில் போய்விட்டான். லோய்ஸ் உனக்கு எழுதியிருக்க மாட்டார். அவன் வீட்டுக் கேரேஜில், கதவைச் சாத்திக்கொண்டு, இன்ஜின் ஓட, காருக்குள். விபத்து என்று பாதிரியார் சொன்னார். அவன் மனைவி எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். அடக்கம் முடிந்து திரும்பி வரும்போது ஆர்விட் சொன்னான்: "ஸ்டான்கோ முகம் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு, பார்த்தியா?"

அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. போன் சமையலறையில் இருக்கிறது, அவன் நாள் முழுக்க வீட்டில் இருக்கிறான், அதனால்தான் கடிதம். பாட்டரியை எங்கே ஒளித்தாலும் அவன் எடுத்துவிடுவான். வேறு வழி சொல்.

மில்லி

•

ஹூஸ்டன்
நவம்பர் 9

அண்ணி,

இல்லை. ஆர்விட் அப்படிப்பட்டவன் இல்லை. நீங்கள் பயந்துபோயிருக்கிறீர்கள். பதினாறு வயதில் ஏரிப் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்த என்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டவன் அவன். அவன் போய்...

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும். இன்று வேலையில் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தபோது அவன் ஸ்டான்கோவைப் பற்றிச் சொன்னது காதில் கேட்டது, அவன் குரலிலேயே கேட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

இதைச் செய்யுங்கள். இன்ஜின் மேலே தடித்த கறுப்பு வயர்கள் எல்லாம் வந்து சேருகிற ஒரு மூடி இருக்கும். அதன் இரண்டு கிளிப்பையும் விலக்கினால் மூடி கழன்று வரும். உள்ளே கட்டைவிரல் அளவு ஒரு துண்டு, ரோட்டர் என்று பெயர். மேலே இழுத்தால் வந்துவிடும். அது இல்லாமல் புதுப் பாட்டரி போட்டாலும் கார் கிளம்பாது. அந்த மாடலுக்கு அது ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதை வீட்டில் வைக்காதீர்கள். கூரையை மறுபடி ஏற்றி, லோய்ஸை வைத்து காரைப் பின்சுவரோடு ஒட்டித் தள்ளிவிடுங்கள்.

வேட்டைத் துப்பாக்கிகளை லோய்ஸிடம் கொடுத்துவிடுங்கள். யாரோ இரவல் கேட்டார்கள் என்று சொல்லுங்கள், எதையாவது சொல்லுங்கள். டாக்டரிடம் போங்கள். பாதிரியாரிடமும் சொல்லுங்கள், ஆனால் அவர் விபத்து என்பார்.

நான் வரலாம். வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். "நீ இந்த வாசப்படி மிதிச்சா நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று அந்தச் சண்டையில் சொன்னான். என் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு இன்னும் மோசமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இங்கே ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் என் இடத்துக்கு வாசலில் பத்து பேர் நிற்கிறார்கள். இதெல்லாம் காரணமா சாக்கா என்று எனக்கே தெரியவில்லை.

உடனே எழுதுங்கள்.

டாய்ஸ்டோ

•

கிரானைட் லேக்
நவம்பர் 17

டாய்ஸ்டோ,

அந்தத் துண்டை எடுத்துவிட்டேன். அவன் குளித்துக்கொண்டிருந்தபோது எடுத்து, மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், குப்பை லாரிக்காரனிடம் கொடுத்துவிட்டேன். கூரையை ஏற்றினோம். காரை உள்சுவரோடு ஒட்டித் தள்ளினோம். துப்பாக்கிகள் லோய்ஸ் வீட்டில் இருக்கின்றன.

திங்கட்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அவன் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்திருந்தான். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ரோட்டர் எங்க?" என்றான்.

"என்னது?"

"மில்லி. உனக்கு அது பேருகூடத் தெரியாது. டாய்ஸ்டோதானே சொல்லிக் கொடுத்தான்?"

நான் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"நான் என்ன பண்ணப்போறேன்னு நினைக்கிறீங்க ரெண்டு பேரும்?"

"நீயே சொல்லு. என்ன பண்ணப்போற?"

சிரித்தான், டாய்ஸ்டோ. சுரங்கத்தை மூடிய மே மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அவன் சிரித்து நான் பார்க்கிறேன். அந்தச் சிரிப்புக்கு அவன் சோபாவிலேயே கிடந்திருக்கலாம். "எனக்குப் போக ஒரு இடமும் இல்ல. காரையாவது விட்டு வைங்களேன்" என்றான். குரலே உயர்த்தவில்லை. கத்தியிருந்தால், ஒரு தட்டையாவது உடைத்திருந்தால் நான் பிழைத்துப்போயிருப்பேன்.

டாக்டரிடம் போகலாம் என்றேன். "வேலையில்லாத வியாதிக்கு அவர்கிட்ட மாத்திரை இருக்கா?" என்றான். நான் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். "ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள், பண்டிகை வந்தால் சரியாகிவிடும்" என்றார். நன்றி நாள் பண்டிகைக்கு வான்கோழி சமைத்து நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

உன் கடிதங்களை மறுபடி படித்தேன். கூரை, பாட்டரி, டேங்க், ரோட்டர். ஒரு காரைக் குளிர்காலம் முழுக்கக் காப்பாற்ற உனக்கு எல்லாம் தெரிகிறது. உன் அண்ணனைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. நான் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, திரும்பி வந்து எந்தக் கதவை முதலில் திறப்பது என்று நினைத்துக்கொண்டே போகிறேன். உனக்கு அது புரிகிறதா?

இனிமேல் எனக்குக் குறிப்பு எழுதாதே. வா. வராவிட்டால் எழுதாதே.

மில்லி

•

டெமாய்ன் பஸ் நிலையம், அயோவா
நவம்பர் 24

அண்ணி,

இது உங்களிடம் வந்து சேரும் முன் நானே வந்துவிடுவேன். இருந்தாலும் எழுதாமல் உட்கார முடியவில்லை. திங்கட்கிழமை உங்கள் கடிதம் கிடைத்தது. கையில் இருந்த சாமான்களை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். இங்கே வந்ததும் பனிப்புயல். வடக்கே ஒரு பஸ்ஸும் போகாதாம். கவுண்டரில் இருக்கிற பெண்ணிடம், "எப்ப கிளம்பும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். "சார், நான் வானத்துக்குச் சொந்தக்காரி இல்ல" என்கிறாள்.

நேற்று டல்லாஸிலிருந்து மத்தியானம் போன் செய்தேன். அவன் எடுத்தால் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் செய்தேன். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அவன் வீட்டை விட்டு எங்கும் போவதில்லை என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? ராத்திரி கான்சஸ் சிட்டியில் மறுபடி செய்தேன். இங்கே வந்ததும் செய்தேன். மணி மட்டும் அடிக்கிறது. லோய்ஸ் வீட்டிலும் எடுக்கவில்லை.

அண்ணி, யாராவது எடுங்கள்.

டாய்ஸ்டோ

•

கிரானைட் லேக்
நவம்பர் 30

மில்லி அண்ணி,

லோய்ஸ் டுலூத் ஆஸ்பத்திரிக்கு உங்கள் துணிமணிகளைக் கொண்டுவருகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அங்கிருந்து போன் செய்து, "உயிரோட இருக்கான்" என்று நீங்கள் சொன்ன பிறகு வேறு எதுவும் காதில் விழவில்லை.

லோய்ஸ் எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் வேலையிலிருந்து வந்தபோது பனியில் கேரேஜை நோக்கிக் காலடித் தடம் போனதையும், திரும்பி வந்த தடம் இல்லாததையும். கூரைத் துணியைக் கத்தியால் கிழித்து உள்ளே இறங்கியிருக்கிறான். கதவு திறக்காது, பக்கத்தில் போக வழியில்லை. நீங்கள் டிக்கி மேல் ஏறிக் கிழிசல் வழியாகக் கையை விட்டு அவன் தலையைத் தொட்டீர்களாம். பனி மாதிரி இருந்ததாம். லோய்ஸும் நீங்களுமாகக் காரையே வெளியே இழுத்துத்தான் அவனை எடுத்தீர்கள். எப்படி இழுத்தோம் என்று தனக்கே தெரியாது என்கிறார். சொல்லும்போது அந்த மனிதர் அழுதார்.

சாவி இன்னும் காரில்தான் இருந்தது. திருப்பிய நிலையில் இருந்தது.

நான் கோடாலியை எடுத்துக்கொண்டு போனேன். முன்விளக்கு ஒன்றை உடைத்தேன். அப்புறம் கார்க் கதவில் அவன் வளைத்துப் போட்ட தகரம் கண்ணில் பட்டது. கை ஓடவில்லை. லோய்ஸ் பின்னால் வந்து நின்று, "காரா இதைப் பண்ணுச்சு?" என்றார்.

சக்கரம் நாலையும் கழற்றிக் காரை மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைத்தேன். கிழிந்த கூரை மேல் தார்ப்பாயைக் கட்டினேன். பிறகு கேரேஜ் கதவு இரண்டையும் கீலோடு பெயர்த்து எடுத்தேன். பலகை பலகையாக வெட்டிச் சௌனா நீராவிக் குளியலறை அடுப்பில் எரித்துவிட்டேன். இப்போது அதற்குக் கதவே இல்லை. பனி நேராக உள்ளே விழுகிறது. விழட்டும். அந்த வீட்டில் இனி அவன் சாத்திக்கொள்ள அப்படி ஓர் இடம் இருக்காது.

ஹூஸ்டனில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. நான் இங்கேதான் இருப்பேன். என் பேரைச் சொன்னால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று லோய்ஸ் சொன்னார். நான் கட்டாயப்படுத்தவில்லை. அவன் பேசுகிறானா? ஏதாவது சாப்பிடுகிறானா? கால் எப்படி இருக்கிறது?

டாய்ஸ்டோ

•

டுலூத்
டிசம்பர் 4

டாய்ஸ்டோ,

குளிரில் உறைந்துபோன இடது காலில் விரல்களை எடுத்துவிட்டார்கள். வலது கால் தப்பிவிடும் என்கிறார்கள். சூப் குடிக்கிறான், நான் ஊட்டினால்.

முதல் நாட்களில் பேசவே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஒரு நர்ஸ் சிரித்த முகமாக, "ஏன் சார், இந்தக் குளிர்ல கார்ல எங்க கிளம்பினீங்க?" என்று கேட்டுவிட்டாள். நான் அவளை வெளியே தள்ளிவிட இருந்தேன். அவன் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை.

நேற்று ஒரு புது டாக்டர் வந்தார். வயதானவர், காது கொஞ்சம் மந்தம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "வீட்டுக்கு எப்ப போகணும்?" என்று கேட்டார். ஆர்விட் முணுமுணுத்தான். அவருக்குக் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க."

மறுபடி முணுமுணுத்தான்.

"கேக்கல. சத்தமா."

அப்போது ஆர்விட் அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்: "வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு! நான் என்ன பண்ணிடுவேன்னு எனக்கே பயமா இருக்கு!"

டாக்டர் தலையாட்டினார். "சரி, அப்ப போக வேண்டாம். இங்கயே இருங்க. நாளைக்கு வரேன், பேசலாம்" என்று சொல்லிவிட்டு அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஆர்விட் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு அழுதான். நானும் அவனும் கல்யாணமாகி இருபது வருஷத்தில் பயம் என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதவில்லை. இன்று காலையில் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். டாக்டர் வந்தபோது கொஞ்சம் பேசினான், அவ்வளவுதான். நாளை எப்படியோ தெரியாது.

உன் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டலாமா கூடாதா என்று ரொம்ப யோசித்தேன். கோடாலி வந்த இடத்தில் கண்ணைத் திறந்தான். கதவை எரித்த இடத்தில், "அதையும் அவனே பண்ணினானா?" என்றான். ஆமாம் என்றேன். அப்புறம், "அவனை வர வேணாம்னு எழுது" என்றான்.

"ஏன்?"

"என் காலைப் பார்த்தா அழுவான்."

ஞாயிற்றுக்கிழமை லோய்ஸ் வண்டியில் ஏறி வா. அவன் வர வேண்டாம் என்கிறான். நான் வரச் சொல்கிறேன்.

மில்லி